வெந்நீரா, தணலா? சாசேஜ் சுடுவதில் ஒரு நீண்ட வழக்கு

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரிக்கரையில் மில்வாக்கி, ஷிபாய்கன் என்று இரண்டு ஊர்கள். இடையே ஒரு மணி நேரக் கார் பயணம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்து குடியேறிய ஜெர்மானியர்களின் வழிவந்தவர்கள் இரண்டு ஊரிலும் நிறைய. கோடை வந்துவிட்டால் பிராட்வுர்ஸ்ட் என்னும் பன்றியிறைச்சி சாசேஜைக் கரித்தணலில் சுடும் வாசனை இரண்டு ஊர்த் தெருக்களிலும் அடிக்கும். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துப்போகவே மாட்டார்கள். மில்வாக்கிப் பக்கத்தில் பெரிய பாத்திரத்தில் பியரை ஊற்றி, வெங்காயத்தை அரிந்து போட்டு, சாசேஜை முதலில் அதில் வேகவைத்து, அப்புறம்தான் கிரில்லுக்குக் கொண்டுபோவார்கள். ஷிபாய்கன்காரரிடம் இதைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பார். அங்கே பச்சை சாசேஜ் நேராகத் தணலுக்குப் போயாக வேண்டும். மெதுவாக, திருப்பித் திருப்பி, இருபது முப்பது நிமிடம் சுட வேண்டும். அந்தச் சடங்குக்கு அவர்கள் ‘ஃப்ரை அவுட்’ என்று தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். 1953 முதல் ‘பிராட் டேஸ்’ என்று திருவிழாவும் எடுக்கிறார்கள்.

இரு தரப்பும் ருசியை வைத்தே வாதாடுகின்றன. வேகவைத்தால் சாறு இறங்கும் என்கிறது ஒரு தரப்பு. வேகவைத்தால்தான் கரிந்துபோகாமல் உள்ளே வரை வேகும் என்கிறது மற்றது. எனக்கென்னவோ இது அடிப்படையில் ருசி வழக்கே இல்லை என்று படுகிறது. நாற்பது பேர் பசியோடு நிற்கும்போது, ஒரே ஒரு கிரில்லை வைத்துக்கொண்டு, யார் வயிற்றையும் கெடுக்காமல் எப்படிப் பரிமாறுவது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைதான் வெந்நீர். அதை ருசிக்கான ரகசியமாகச் சொல்லத் தொடங்கியபோதுதான் சண்டை வந்தது.

வழக்குக்குள் போகுமுன் எந்தச் சாசேஜைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வாதங்களில் பாதி இங்கேயே கரைந்துவிடும். அரைத்த இறைச்சியில் உப்பும் மசாலாவும் பிசைந்து குடலில் அடைத்து அப்படியே விற்பது பச்சை சாசேஜ். அதையே கடைக்காரர் வெந்நீரில் முழுக வைத்து உள்வரை வேகவைத்து விற்றால் அது வேறு சரக்கு. ஹாட் டாக்கில் போடும் ஃபிராங்க்ஃபர்ட்டர் அந்த இரண்டாம் வகை. சென்னையிலும் கோவையிலும் சூப்பர் மார்க்கெட் உறைபெட்டியில் கிடைக்கும் சிக்கன் சாசேஜ்களும் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே வெந்தவைதான். இவற்றைத் தண்ணீரில் போடுவது பனி விடவும் சூடேறவும் மட்டுமே. ‘முன்னால் வேகவைக்கலாமா’ என்ற கேள்வி பச்சை சாசேஜுக்கு மட்டும் உரியது.

இதைத் தெளிவாகப் பிரித்து வைத்திருப்பவர்கள் ஜெர்மானியர்கள். பிராட்வுர்ஸ்ட்டுக்கு அங்கே நீண்ட வரலாறு உண்டு. துரிங்கியா வட்டாரத்தில் ஆர்ன்ஷ்டாட் ஊர்க் கன்னியர் மடத்தின் 1404ஆம் ஆண்டுக் கணக்கேட்டில், பிராட்வுர்ஸ்ட் செய்யக் குடல் வாங்கியதற்கு ஒரு குரோஷன் என்று செலவு எழுதியிருக்கிறது. இன்று துரிங்கிய ரோஸ்ட்பிராட்வுர்ஸ்ட்டுக்கும் நியூரம்பெர்க் பிராட்வுர்ஸ்ட்டுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு இருக்கிறது. இரண்டும் 2003இல் வாங்கியவை. அங்கே இறைச்சிக் கடையில் கேட்டால், பச்சையா வெந்நீர் கண்டதா என்று திருப்பிக் கேட்பார்கள். அரைத்த இறைச்சி சீக்கிரம் கெடும். பச்சையாக விற்பதற்கு 2007 வரை சட்டம் வைத்திருந்த கெடுவும் மிகக் குறுகியது. வெந்நீரில் போட்டு எடுத்தால் சில நாள் தாங்கும். ஆக, வேகவைக்கும் பொறுப்பைக் கடைக்காரரே, தெர்மாமீட்டர் வைத்த தொட்டியில், ஏற்றுக்கொண்டுவிடுகிறார். வீட்டுக்காரர் சுட்டுத் தின்றால் போதும். விஸ்கான்சினில் இதே வேலை கொல்லைப்புறத்தில், பியர் பாத்திரத்தில், கண்மதிப்பில் நடக்கிறது. அங்கேதான் தகராறு.

இனி அடுப்பின் கணக்கு. சாசேஜ் என்பது நீளமான உருளை. வெளியிலிருந்து நடுவுக்குச் சூடு போய்ச் சேர ஆகும் நேரம் தடிமனுக்கு நேர்விகிதத்தில் ஏறுவதில்லை. தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. ஆட்டுக்குடலில் அடைத்த மெல்லிய சாசேஜ் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர், பன்றிக்குடலில் அடைத்தது 32 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது வேக ஏறக்குறைய இரண்டரை மடங்கு நேரம் ஆகும். நியூரம்பெர்க்கில் யாரும் வெந்நீரைப் பற்றிப் பேசாததற்குக் காரணம் இதுதான். அந்த ஊர் சாசேஜ் 7 முதல் 9 சென்டிமீட்டர் நீளம், 20 முதல் 25 கிராம் எடை, விரல் பருமன்தான். பீச் மரத் தணலில் போட்ட சில நிமிடங்களில் வெளியே பொன்னிறமாகவும் உள்ளே வெந்தும் வந்துவிடும். மூன்றை ஒரு ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்துவிடுவார்கள். வட ஆப்பிரிக்காவின் மெர்கெஸ், ஆட்டுக்குடலில் அடைத்த காரமான மெல்லிய சாசேஜ். அதற்கும் இந்தக் கவலை இல்லை. மில்வாக்கியின் தடித்த பிராட்டுக்குத்தான் கவலை எல்லாம்.

தடித்த பச்சை சாசேஜைக் கொழுந்துவிடும் தணலில் அப்படியே போட்டால் என்ன ஆகிறது என்று நின்று பார்க்க வேண்டும். மேலுறையாக இருக்கும் குடல் கொலாஜன் என்னும் புரதத்தால் ஆனது. 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் அது சுருங்கத் தொடங்குகிறது. அதே நேரத்தில் உள்ளே கொழுப்பு உருகி விரிகிறது, நீர் ஆவியாகி இடம் தேடுகிறது. வெளியே சட்டை சிறுக்கிறது, உள்ளே உடம்பு பெருக்கிறது. ஓரிடத்தில் ‘டப்’பென்று வெடிக்கும். வெடித்த இடத்திலிருந்து கொழுப்புச் சொட்டும், சொட்டியது கங்கில் விழுந்து குப்பென்று தீப்பிடிக்கும், அந்தத் தீ நாக்கு மேலே எழுந்து சாசேஜின் அடிப்பக்கத்தைக் கரியாக்கும். அப்போதும் நடுவில் இறைச்சி இளஞ்சிவப்பாகவே இருக்கும். கிரில் முன்னால் முதல்முறை நிற்கிறவர் இதைப் பார்த்துவிட்டு ‘முன்னாலேயே வேகவைத்திருக்கலாம்’ என்று நினைப்பதில் ஆச்சரியமில்லை. பிரிட்டனில் சாசேஜுக்கு ‘பேங்கர்’ என்ற செல்லப்பெயர் வந்ததே இந்த வெடிப்பால்தான் என்பார்கள். போர்க்காலத் தட்டுப்பாட்டில் இறைச்சியைக் குறைத்து நீரும் ரொட்டித் தூளும் ஏற்றியதால் வாணலியில் பட்டாசு மாதிரி வெடித்ததாம்.

வெந்நீரின் சாதகம் ஒன்றே ஒன்று, ஆனால் பெரியது: எவ்வளவு எரித்தாலும் அது 100 டிகிரிக்கு மேல் போகாது. கரிந்துபோகும் பேச்சே இல்லை. இருபது சாசேஜும் ஒரே சூட்டில், ஒரே சமயத்தில், எல்லாப் பக்கமும் வேகும். பாதகமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 100 டிகிரியே சாசேஜுக்கு மிக அதிகம்.

இறைச்சிப் புரதங்கள் படிப்படியாக இறுகுகின்றன. மயோசின் 50 டிகிரிக்கு அருகிலேயே கட்டத் தொடங்கும். சாசேஜை வெட்டும்போது துண்டு உதிராமல் நிற்பது இதனால்தான். பிசையும்போது உப்பு கரைத்து வெளியே கொண்டுவந்த பசை அது. சூடு இன்னும் ஏறி 70ஐத் தாண்டும்போது ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் முறுக்கிக்கொண்டு, பிடித்துவைத்திருந்த நீரைப் பிழிந்து தள்ளுகிறது. நீரோடு கொழுப்பும் கிளம்பும். தளதளவென்று கொதிக்கும் பாத்திரத்தில் சாசேஜைப் போட்டு இருபது நிமிடம் மறந்துவிட்டவர் மூடியைத் திறந்தால் மேலே கண் கண்ணாகக் கொழுப்பு மிதக்கும், நீர் கலங்கியிருக்கும், சாசேஜ் வெளிறிச் சாம்பல் நிறத்தில் கிடக்கும். ஒன்றிரண்டு வாய் பிளந்திருக்கும். உப்பில் ஒரு பங்கும் மசாலாவில் ஒரு பங்கும் அந்தத் தண்ணீரில்தான். ஷிபாய்கன்காரர்கள் கேலி செய்வது இந்தச் சாசேஜைத்தான், கேலி நியாயமானது.

அதே பாத்திரத்தில் நீர் 75 டிகிரி அளவில் நின்றால் கதை வேறு. குமிழி வெடிக்காது, ஆவி மட்டும் மெல்லப் பறக்கும், பாத்திரத்தின் அடியில் சிறு முத்துகள் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தச் சூட்டில் மேலுறை நிதானமாகச் சுருங்கும், உள்ளே இருப்பது நிதானமாகக் கட்டும், இரண்டும் ஒன்றையொன்று கிழிப்பதில்லை. சாறும் பெரிதாக இறங்குவதில்லை. எனவே குற்றம் வெந்நீர் மேல் இல்லை, கொதிநீர் மேல். விஸ்கான்சின் வழக்கில் இரு தரப்பும் ‘பாய்ல்’ என்ற ஒரே பேச்சில் இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் வழக்கு இத்தனை காலம் இழுத்ததற்குக் காரணம் என்பேன்.

மியூனிக் நகரத்து வைஸ்வுர்ஸ்ட் இந்த நிதானத்தையே குலதர்மமாக வைத்திருக்கிறது. 1857இல், கார்னிவல் ஞாயிறன்று, மரியன்பிளாட்ஸ் சதுக்கத்து விடுதி ஒன்றில் ஸெப் மோஸர் என்பவருக்குச் சாசேஜ் அடைக்க ஆட்டுக்குடல் தீர்ந்துபோனதாம். கைக்குக் கிடைத்த பன்றிக்குடலில் அடைத்தார், வறுத்தால் வெடித்துவிடுமோ என்று பயந்து சுடுநீரில் போட்டுப் பரிமாறினார், வந்தவர்களுக்குப் பிடித்துப்போயிற்று. வைஸ்வுர்ஸ்ட் பிறந்த கதை என்று மியூனிக்வாசிகள் சொல்வது இது. கதை உண்மையோ கட்டியதோ, அதில் உள்ள சமையலறிவு உண்மை. தடித்த உறை, வெடிக்கும் பயம், அதற்கு மாற்றாகக் கொதிக்காத சுடுநீர். இன்றும் அந்த நீரைக் கொதிக்கவிடும் சமையல்காரருக்கு மியூனிக்கில் மரியாதை இல்லை.

பியர் விஷயத்தைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். இருபது நிமிடத்தில் பியரின் சுவை மேலுறையைத் தாண்டி உள்ளே ஊறிவிடும் என்று எதிர்பார்ப்பது ஆசை. மணமூட்டும் மூலக்கூறுகள் அவ்வளவு வேகமாக இறைச்சிக்குள் நடப்பதில்லை. கொதித்த பியர் கசக்கவும் செய்யும். அந்தப் பாத்திரத்தில் உண்மையிலேயே ருசியேறுவது வெங்காயம்தான். பியரிலும் சாசேஜிலிருந்து இறங்கிய கொழுப்பிலும் வதங்கிய அந்த வெங்காயத்தை ரொட்டிமேல் பரப்பிக் கொடுத்தால் சாசேஜின் குறையை அது மறைத்துவிடும். பல பேர் ‘பியரில் வேகவைத்த சாசேஜ் பிரமாதம்’ என்று சொல்லும்போது வெங்காயத்தைத்தான் புகழ்கிறார்கள்.

ருசியை விட்டால் அடுத்த வாதம் பாதுகாப்பு. இது வெறும் பயங்காட்டல் இல்லை. 1860இல் டிரெஸ்டன் நகரில் ஃபிரீட்ரிஷ் ஸென்கர் என்ற மருத்துவர், இறந்துபோன ஓர் இளம் பணிப்பெண்ணின் தசைகளில் டிரிக்கினா என்னும் நுண்புழுக்களைக் கண்டார். பச்சைப் பன்றியிறைச்சி வழியாக அவை மனிதரைக் கொல்லும் என்பது அப்போதுதான் உறுதியாயிற்று. ஐந்து ஆண்டுகளில் ஹெடர்ஸ்லேபன் என்ற ஒரு சின்ன ஊரில் மட்டும் 300க்கும் மேற்பட்டோர் இந்நோயில் விழுந்தார்கள். 100 பேருக்கு மேல் இறந்தார்கள். ஒவ்வொரு பன்றியையும் நுண்ணோக்கி வைத்துச் சோதிக்க வேண்டும் என்று ருடால்ஃப் வீர்ஷோ என்ற மருத்துவர் போராடியது இந்தப் பின்னணியில்தான். அமெரிக்காவுக்குக் கப்பலேறிய ஜெர்மன் குடும்பங்களில் பன்றியிறைச்சியை நன்றாக வேகவைத்தே தீர வேண்டும் என்ற எச்சரிக்கை ஊறிப்போயிருந்ததில் வியப்பில்லை.

இன்று வளர்ந்த நாடுகளின் பண்ணைகளில் அந்தப் புழு அரிது. அமெரிக்க வேளாண் துறை 2011இல் முழுத்துண்டுப் பன்றியிறைச்சிக்கான வரம்பை 63 டிகிரியும் மூன்று நிமிட ஓய்வும் போதும் என்று தளர்த்தியது. ஆனால் அரைத்த இறைச்சிக்கு அந்தச் சலுகை இல்லை. முழுத்துண்டில் கிருமி மேற்பரப்பில்தான் இருக்கும். அரைக்கும்போது மேற்பரப்பே உள்ளே போய்விடுகிறது. ஆகவே பன்றி, மாட்டு சாசேஜின் நடுப்பகுதி 71 டிகிரியையும், கோழி சாசேஜ் 74 டிகிரியையும் தொட வேண்டும் என்பது அங்கே விதி. பிரிட்டனின் உணவுத் தர முகமை இதையே சூடும் நேரமும் சேர்ந்த கணக்காகச் சொல்கிறது: 70 டிகிரியில் 2 நிமிடம், 65இல் 10 நிமிடம், 60இல் 45 நிமிடம், எல்லாம் சமம். வெந்நீர் முறைக்கு வலுவான வக்காலத்து இந்த அட்டவணைதான். கொழுந்துவிடும் தணலில் நடுப்பகுதியை இந்த அளவுக்குக் கொண்டுவந்து நிறுத்துவது கைதேர்ந்தவர் வேலை. நிதான நீரில் அது யாருக்கும் சாத்தியம்.

ஆனால் இதே பாதுகாப்பு வாதம் வெந்நீர்க்காரர்களின் காலையும் வாரிவிடும். காலையில் அரைவேக்காடாக எடுத்து, தட்டில் அடுக்கி, விருந்தினர் வரும் மாலை வரை மேசையில் வைப்பது பலர் வழக்கம். கோடை வெயிலில் அந்தத் தட்டு கிருமிகளுக்குப் போட்ட பந்தி. குளோஸ்டிரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை; வெதுவெதுப்பு கிடைத்தால் முளைத்துப் பெருகும். ஸ்டேஃபைலோகாக்கஸ் விட்டுச்செல்லும் நஞ்சைப் பிறகு தணலில் சுட்டாலும் அழிக்க முடியாது. அதனால்தான் அமெரிக்க வேளாண் துறை, இறைச்சியை அரைவேக்காடாக்கிக் குளிர்பெட்டியில் வைத்துப் பிறகு முடிக்காதே என்று கண்டிப்பாகச் சொல்கிறது. நீரிலிருந்து நேராகச் சூடான கிரில்லுக்குப் போனால் தடையில்லை. முன்னதாகவே செய்து வைத்தாக வேண்டுமென்றால் முழுக்க வேகவைத்து, உடனே குளிர்வித்து, பிறகு சுட வேண்டும். ஜெர்மன் கடைக்காரர் செய்வது அதைத்தான். அரைகுறையாக எடுத்து ஆறப்போடுவது மட்டும் எந்த ஊரிலும் கூடாது.

கரிந்த இறைச்சி உடலுக்குக் கேடு என்ற வாதமும் அடிக்கடி வரும். 1970களில் டோக்கியோவில் தகாஷி சுகிமுரா குழுவினர், கருகச் சுட்ட மீன், இறைச்சியில் மரபணுவைச் சிதைக்கும் பொருள்கள் இருப்பதைக் காட்டினார்கள். முன்கூட்டிச் சற்று வேகவைத்துவிட்டால் தீயின்மேல் இருக்கும் நேரம் குறையும், அந்தப் பொருள்களும் குறையும், இது சரிதான். ஆனால் தீயை அடக்கி, தணலை ஓரமாக ஒதுக்கிச் சுட்டாலும் இதே பலன் கிடைக்கும். இதை வைத்து வழக்கைத் தீர்க்க முடியாது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன? தென்னாப்பிரிக்காவில் பூரவோர்ஸ் என்னும் சுருள் சாசேஜை வேகவைப்பது என்ற பேச்சையே எடுக்க முடியாது. சட்டப்படி அதில் 90 சதவீதம் இறைச்சி இருந்தாக வேண்டும், கொழுப்பு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அவ்வளவு கொழுப்பையும் தணலில் பக்குவமாக உருக்குவதே அவர்கள் கலை. அர்ஜென்டினாவில் வீடு இரண்டுபடும். கொழுப்பைக் குறைக்கிறேன் என்று சோரிஸோவை ஒரு கொதி விட்டு எடுப்பவர்களும் உண்டு. அதைக் கண்டால் தலையில் அடித்துக்கொண்டு, கிரில்லின் ஓரத்தில் மெல்ல வைத்துச் சுடுபவர்களும் உண்டு. ஆஸ்திரேலிய வீடுகளில் சாசேஜை முதலில் வேகவைத்துவிட்டுப் பிறகு பார்பிக்யூ தட்டில் நிறமேற்றுவது அம்மாக்களின் கைவழக்கம். காரணம் கேட்டால் ருசி என்று சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் பச்சையாகத் தின்றுவிடக் கூடாது என்பார்கள். நேர்மையான பதில்.

எனக்கு மிகவும் பிடித்தது பிலிப்பைன்ஸ் வழி. லாங்கனிசா சாசேஜை வாணலியில் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, அது வற்றும்வரை வேகவைக்கிறார்கள். நீர் வற்றும்போது உள்ளிருந்து கொழுப்பு இறங்கியிருக்கும். அதே கொழுப்பில் அப்படியே புரட்டி முறுகவைக்கிறார்கள். மட்டன் சுக்கா செய்பவருக்கு இது புதிதில்லை. உப்பு மஞ்சள் போட்டுக் கறியை வேகவைத்து, அந்தச் சாற்றையே சுண்டவைத்து வறுக்கும் அதே முறை. வேகவைத்த நீரைக் கீழே கொட்டவில்லை என்பதுதான் இதில் விசேஷம். இறங்கிய உப்பும் சாறும் திரும்ப வந்து ஒட்டிக்கொள்கின்றன. மில்வாக்கிப் பாத்திரத்தின் பெரிய நஷ்டம் அதை வடிகாலில் ஊற்றுவதுதான்.

கிரில்லிலேயே இந்த வழியைக் கொண்டுவர முடியும். ‘தி ஃபுட் லேப்’ என்ற நூலை எழுதிய கென்ஜி லோபஸ்-ஆல்ட் சொல்லும் முறையில், அலுமினியத் தட்டில் பியரோ புளித்த முட்டைக்கோஸோ போட்டு, சாசேஜைக் குளிர்ந்த நிலையிலேயே அதில் வைத்து, தட்டையே கிரில்மேல் ஏற்றிவிட வேண்டும். சூடு படிப்படியாக ஏறும்; வெந்ததும் சாசேஜை எடுத்து, ஈரம் போனபின் தணலில் நிறமேற்ற வேண்டும். ஈரம் போவது முக்கியம். மேல்தோல் நனைந்திருக்கும்வரை அது 100 டிகிரியைத் தாண்டாது; சிவந்து மணக்கும் மாற்றம் 140க்கு மேல்தான் சுறுசுறுப்பாக நடக்கும். வெந்நீரிலிருந்து சொட்டச் சொட்ட எடுத்துப் போடுபவர்களின் சாசேஜ் ஏன் எவ்வளவு சுட்டாலும் வெளிறியே இருக்கிறது என்பதற்கு விடை இதுதான். ஒரு துணியால் ஒற்றி எடுத்தாலே போதும்.

ஷிபாய்கன் மாவட்டத்திலேயே 1945இல் தொடங்கிய ஜான்சன்வில் நிறுவனம் இன்று அமெரிக்காவின் மிகப் பெரிய பிராட் தயாரிப்பாளர்களில் ஒன்று. முன்னால் வேகவைக்காதீர்கள் என்றே அது சொல்கிறது. பியர் பாத்திரத்தை அது தூக்கியெறியவில்லை, வரிசையை மாற்றிவிட்டது. முதலில் தணல், பிறகு வெண்ணெயும் வெங்காயமும் போட்ட சூடான பியர். சுட்டு முடித்தவற்றை அதில் போட்டு வைத்தால் இரண்டாம் பந்தி வரும்வரை ஆறாமலும் காயாமலும் இருக்கும். கூட்டத்துக்கான பாத்திரம் கூட்டத்துக்கே பயன்படுகிறது, சாறும் போகவில்லை. பியர் சூடாக இருக்க வேண்டும், கொதிக்கக் கூடாது. 60 டிகிரிக்குக் கீழே இறங்கவும் கூடாது.

ஆகவே என் தீர்ப்பு இப்படிப் போகிறது. நான்கைந்து பேருக்கு என்றால், தணலை ஒரு பக்கம் ஒதுக்கி, தணலில்லாத பக்கத்தில் சாசேஜை வைத்து மூடி, கடைசியில் மட்டும் நெருப்புக்கு மேல் கொண்டுவந்து சுட்டால் போதும், வெந்நீரே வேண்டாம். கூட்டம் பெரிது, கிரில் சிறிது, சுடுபவருக்குப் பழக்கமும் குறைவு என்றால் கொதிக்காத வெந்நீரே நல்லது. மெல்லிய சாசேஜுக்கு எதுவுமே தேவையில்லை.

முள்கரண்டியால் குத்தலாமா என்ற கேள்வி மட்டும் பாக்கி. குத்தினால் வெடிக்காது என்பது பழைய நம்பிக்கை. குத்திய துளையெல்லாம் கொழுப்பு தணலில் சொட்டும் வாய். தடுக்க நினைத்த தீயை அதுவே வரவழைக்கும். நிதானச் சூட்டில் வெடிப்பதே குறைவு. வெந்ததா என்று பார்க்கத் தெர்மாமீட்டரை ஒரே ஒருமுறை, பக்கவாட்டில் அல்லாமல் நுனியிலிருந்து நீளவாட்டில் செருகினால், முள் சரியாக நடுப்பகுதியில் நிற்கும், துளையும் முனையோடு போய்விடும்.